காலிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று காட்டிய கணினி குறித்து

அனுப்புநர்:
பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மாளின் மருமகள்,
தையல் கடை நடத்துபவர்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: கணினித் தகவல்களை இணைத்தபோது என் மாமியாரின் ஒவ்வாமைக் குறிப்பு விடுபட்டது – சரிசெய்யவும், செவிலியருக்குத் தந்த மெமோவைத் திரும்பப் பெறவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கும் என் மாமியாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவே அறிந்தது. ஆகவே பாசத்தில் மிகைப்படுத்துகிறேன் என்று தாங்கள் எண்ண வேண்டியதில்லை.

2. சென்ற வருடம் தங்கள் மருத்துவமனையில் போட்ட ஓர் ஊசியால் அவருக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. அந்த மருந்து இனிக் கூடாது என்று மருந்தகக் கணினியில் அப்போதே எழுதினார்கள். அதை நம்பி, இம்முறை காலில் புண்ணோடு சேர்த்தபோது நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

3. இதற்கிடையே மருந்தகம், ஆய்வகம், வார்டு மூன்றின் கணினிகளையும் இணைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம், ஒரே கதையை மூன்று ஜன்னலில் சொல்லும் தொல்லை தீர்ந்தது. ஆனால் மருந்தகத்தில் குறிப்புகளை வாக்கியமாக எழுதுவார்களாம். வார்டுக் கணினிக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியுமாம். கட்டத்தில் அடங்காத வாக்கியம் வழியிலேயே விழுந்துவிட்டது என்று கணினிப் பிரிவில் ஒப்புக்கொண்டார்கள். காலியாக நின்ற ஒவ்வாமைக் கட்டத்தில் புதிய திரை ‘இல்லை’ என்று காட்டியது. தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றா, ஐயா?

4. அதே ஊசி தட்டில் வந்தது. என் மாமியாருக்கு வாய் சும்மா இருக்காது. “போன தடவ ஊசி போட்டு மூஞ்சி பூசணிக்காயா வீங்கிடுச்சு, இவ நின்னு சிரிச்சா” என்று செவிலியரிடம் என்னைப் பற்றிக் கோள் சொன்னார். (நான் சிரிக்கவில்லை. பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.) செவிலியர் ஊசியைக் கீழே வைத்தார்; மருந்தகத்துக்கு ஓடிப் பழைய கணினியைத் திறக்கச் சொன்னார். குறிப்பு அதில் அப்படியே இருந்தது. மருத்துவர் வேறு மருந்து எழுதினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

5. திரையில் இருந்ததை மீறித் தாமதித்ததாக அந்தச் செவிலியருக்கு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். வழியில் விழுந்த வாக்கியங்களை எல்லா நோயாளிகளுக்கும் தேடிச் சேர்க்க ஆணையிடுங்கள். அதுவரை காலிக் கட்டம் ‘இன்னும் கேட்கவில்லை’ என்று காட்டட்டும்.

6. மாமியார் வீடு திரும்பிவிட்டார். இதை எழுதும்போதே பக்கத்தில் அமர்ந்து, என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கிறது என்கிறார். கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் எல்லா நோயாளிகளும் இவரைப் போல் வாயாடிகள் அல்ல. வாய் திறக்க முடியாமல் படுத்திருப்பவர்களுக்காகவாவது அந்தக் கட்டம் உண்மை பேசத் தாங்கள் வழிசெய்ய வேண்டும்.

இடம்: வீடு
நாள்: அவர் வீடு திரும்பிய மறுநாள்

நன்றியுடனும் நிம்மதியுடனும்,
(கையொப்பம்)
மருமகள்

சாட்சி: மாமியார்
(அவ சிரிச்சது நிஜம்தான்.)