வலப்பக்கத்து இடம்

அன்புள்ள ரெமேய்க்கு,

நீயும் அத்தையும் நலமா? அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். பார்சிலோனாவில் கட்டட வேலைக்குக் குறைவில்லை. இருமலும் நின்றுவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பேராலய வாசலில் வாத்தியக்காரர்கள் சர்தானா வட்ட ஆட்டத்துக்கு வாசிக்க உட்கார்ந்தார்கள். என் கால் சும்மா இருக்குமா? எல்லோருடைய பைகளும் கிடந்த வட்டத்தின் நடுவில் கோட்டைப் போட்டுவிட்டு, கைகோத்து ஆட ஆரம்பித்துவிட்டேன். வலப்பக்கம் யாரோ ஒரு பெண்.

பாதி ஆட்டத்தில் ஒரு பெரியம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைய வந்து, சட்டென்று பின்வாங்கினார். "ஐயையோ, ஜோடியைப் பிரிக்கிற பாவம் எனக்கெதுக்கு? நான் அந்தப் பக்கமா நுழைஞ்சுக்கறேன்" என்றார். ஆணுக்கு வலப்பக்கம் நிற்பவள் அவன் ஜோடி என்பதுதானே நம் வழக்கம்! அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "என்ன, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?" என்று என்னைப் பார்த்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ரெமேய். சொன்னால் அந்தக் கையை விட வேண்டியிருக்கும். ஊரில் உன் கையை விட்டு வந்தபின் என் கையை யாரும் பிடித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் அவள் பெயரைக்கூடக் கேட்காமல் ஓடி வந்துவிட்டேன். நீ சிரிப்பாய் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

பேருந்து ஓட்டுநரிடம் கம்பளிக் காலுறையும் கொஞ்சம் தொத்திறைச்சியும் கொடுத்தனுப்பு. ஆடும்போது போடுகிற என் கயிற்றுச் செருப்பையும் அனுப்பு. உன் செருப்பை மட்டும் அனுப்பாதே. அதைப் போட்டுக்கொண்டு நீயே வா.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் கிர்சே