விசாரணைக்கு வந்தவருக்குக் கொடுத்த காபி

3.3.2025, திங்கள்
வீட்டுக்காரி மயிலாத்தாளுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு மனு கொடுத்தாயிற்று. வாதம் வந்து மூன்று வருஷம். இடது கையும் காலும் வரவில்லை. எனக்கு மில் வேலை போய்விட்டது, பிள்ளைகளும் இல்லை. நிறுத்திய பிசியோதெரபியை மறுபடி ஆரம்பித்தால் நாலு எட்டு நடப்பாள் என்கிறார் டாக்டர். பணம் வந்தால்தான் அது.

19.3.2025
வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். பக்கத்து வீட்டு ரசாக்கிடம் குஷன் நாற்காலி இரண்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். மயிலாத்தாளுக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டேன். காபி, மிக்சர். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

24.4.2025
நிராகரிப்பு!

இ-சேவை மையத்தில் நித்யஸ்ரீ என்கிற பெண் திரையைப் பார்த்துப் படித்தாள்: ‘வசதியான குடும்பம். மனுதாரர் நலமாக உள்ளார்.’ நலமா? சேலை கட்டிவிட நான், தலை சீவிவிட நான், சோறு பிசைந்து தர நான். டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் எதற்கு இருக்கிறது? எங்கூட்டுக் காபியக் குடிச்சுப்போட்டு எங்க தலையிலயே கல்லப் போட்டுட்டானே!

25.4.2025
ஆத்திரம் அடங்கவில்லை. ரசாக்கிடம் கத்தித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கோவிச்சுக்காதீங்கண்ணா, நாற்காலி எங்களுதுன்னு அவருகிட்டச் சொன்னீங்களா?” என்றார்.

சொல்லவில்லை. உடம்பு எப்படி என்று வி.ஏ.ஓ. கேட்டபோது மயிலாத்தாள் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “ஒரு கொறையுமில்லீங்க, காபி ஆறுது, குடிங்க” என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வீடு தேடி வந்தவரிடம் பஞ்சப்பாட்டா பாடுவார்கள்?

ஆனாலும் அந்த ஆள் ஒரு வார்த்தை, “எந்திரிச்சு நடங்கம்மா” என்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டாமா? நாற்காலியைப் பார்க்கவா சம்பளம்?

2.6.2025
மேல்முறையீடு கொடுத்தேன். சிங்காநல்லூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

17.6.2025
மறு விசாரணை. அதே ஆள். நாற்காலி வாங்கவில்லை. மயிலாத்தாள் பழைய நைட்டியோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை, “எந்திரிங்கம்மா” என்றார். சுவரைப் பிடித்து எழுந்தாள், கால் மடங்கிச் சரிந்தாள். நான் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். அவர்தான் பதறி ஓடிவந்து பிடித்தார்.

பொண்டாட்டியக் கீழ உழவுட்டுக் காட்டோணுமா? இப்பத் திருப்தியா உங்களுக்கெல்லாம்?

அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

30.7.2025
ஆணை வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து பிசியோதெரபி.

படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். பிறகு, “ஏனுங்க, அந்தத் தம்பி அன்னைக்கு வெறும் வாயோட போனாருங்க. ஒருக்காக் கூப்புட்டுக் காபி குடுக்கலாமுங்களா?” என்றாள்.

“வேண்டாம் அம்மணி. மறுபடியும் விசாரணைக்கு வந்தாலும் வருவாரு” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.