நகைக்கடை முன் நின்றது ஏன்

மார்ச் 4
அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் இருபத்தாறு வருடமாகத் தபால் கொடுக்கிறேன். இன்று பாலத்திலிருந்து மேட்டுத் தெரு ஏறுவதற்குள் மூன்று முறை நின்றேன். வலது கெண்டைக்காலை யாரோ பிழிவதுபோல் வலி. நின்றால் போகிறது, நடந்தால் வருகிறது. சும்மா நின்றால் கேள்வி கேட்பார்கள். அதனால் ஸுபைரின் நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நிற்கிறேன்.

மார்ச் 19
மானம் போயிற்று. ஸுபைர் என் மனைவி யமீனாவிடம், "உங்க வீட்டுக்காரரு தினம் என் கடை வளையலையே பாக்குறாரே, வீட்டுல விசேஷமா?" என்றிருக்கிறான்.

அவள் வந்ததும் வராததுமாக, "வளையல் எனக்கு இல்லன்னு தெரியும். யாருங்க அவ?" என்றாள். சிரிக்கப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"இதை மறைக்கவா இவ்வளவும்?"

மார்ச் 25
டாக்டர் நஸீஹா கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்த்தார். கையில் இருப்பதில் பாதிதான். இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிட்டதாம்.

"கால்ல மட்டும் இருக்காது அண்ணே. இதயத்துக்குப் போற குழாய்லயும் இருக்கலாம். சிகரெட்ட இன்னிக்கே விடுங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, மறுபடி நடங்க."

வலிக்க வலிக்க நடப்பதா வைத்தியம்?

ஏப்ரல் 2
நடந்தேன். புகைக்கவில்லை.

மே 30
வலி பாதியாகிவிட்டது. கொழுப்பு மாத்திரை ஈரலைத் தின்றுவிடும் என்கிறான் அலுவலகத்தில் ஒருவன். நிறுத்திவிட்டேன். இன்று இரண்டு சிகரெட். யமீனாவுக்குத் தெரியாது.

ஜூலை 11
பூட்ஸ் கடித்த புண் ஆறவில்லை. பெருவிரல் கறுத்திருக்கிறது.

ஜூலை 14
ஆஸ்பத்திரியில் அடைத்த குழாயைத் திறக்கப் பார்த்தார்கள். இரத்தம் கீழே இறங்கவில்லை. "விரல வெட்டுறதோட நிக்காது அண்ணே" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

யமீனா பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். "என்கிட்டயும் நடிச்சீங்களா" என்றாள்.

ஏன்டா இப்படிப் பண்ணினே? யாரை ஏமாத்தினே? — எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3
இல்லாத பாதம் அரிக்கிறது.

செப்டம்பர் 22
யமீனா என்னைத் சக்கர நாற்காலியில் வைத்துச் செருப்புக் கடைக்குத் தள்ளிப் போனாள். இடது மட்டும் போதும் என்றேன். ஜோடியாகத்தான் தருவோம் என்றார் கடைக்காரர்.

"சரி, குடுங்க" என்று அவளே வாங்கினாள். இடதை என் காலில் மாட்டிவிட்டு, வலதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையும் தண்ணீரும் தந்தாள். விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.