காந்தா அக்கா கிள்ளும் கறிவேப்பிலை

ஜூன் 3, செவ்வாய்
மன்னித்துக்கொள் நோட்டே, மணி பன்னிரண்டு. என் குட்டி ஜூலியா இப்போதுதான் தூங்கினாள்.

பின்புறத்து மண்ணில் குரோட்டன்ஸைப் பிடுங்கிவிட்டுப் போன வருஷம் நான் வைத்த கறிவேப்பிலையில் புழு. ஜூலியா ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தேசிகன் சார் பார்த்துவிட்டார்.

"குரோட்டன்ஸ் இருந்தப்ப ஒரு புழு வந்துச்சாம்மா?"

"வரல சார். அதான் குருவியும் வரல."

சனிக்கிழமை மருந்தடிக்கிறார்களாம்.

ஜூன் 4
ஜூலியாவின் உள்ளங்கை சிவக்கவில்லை. ஆறு தடவை பார்த்தேன். முடியில்லாத புழு, அரிக்காது என்று படித்தும் பார்த்தேன்.

ஜூன் 5
பக்கத்து வெட்சிப் புதரில் புல்புல் கூடு. மூன்று வாய்கள்! தாய்ப்பறவை கொண்டுபோவது அந்தப் புழுக்களைத்தான். மருந்தடித்தால்?

ஆண்ட்ரூ சொல்கிறார்: "வாடகைக்கு இருக்கோம், உனக்கெதுக்குடி வம்பு?" ஏன், வாடகைக்கு இருந்தால் வாய் இருக்கக் கூடாதா?

மாடி வீட்டுக் கன்னடக்கார காந்தா அக்கா வழக்கம்போலச் 'சாரு'க்கு, அதுதான் அவர்கள் ரசத்துக்கு, கொழுந்து கிள்ள வந்தார். ஏழு வீட்டுக்கும் அந்தச் செடிதான். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ தேவரே! அப்புறம் சாருக்கு என்னத்தப் போடறது? தேசிகன் மீசையவா?"

ஜூன் 7, சனி
முதுகில் டிரம்மோடு ஆள் வந்தான். ஜூலியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு செடி முன்னால் நின்றேன்.

"நகருங்க மேடம்."

"அடிப்பா. அடிச்சிட்டு ஏழு வீட்டுக்கும் போய், 'இன்னிக்கு ரசத்துல விஷம்'னு நீயே சொல்லிடு."

மேலே பால்கனியிலிருந்து காந்தா அக்கா: "மொதல்ல என் வீட்டுக்கு வா, கரண்டியோட நிக்கறேன்!"

அவன் மருந்துக் குழாயைத் தொடவே இல்லை. தேசிகன் சார், "கமிட்டியில பேசிக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். பேசட்டும்.

ஜூன் 19, வியாழன்
கூடு காலி. மூன்றும் பறந்துவிட்டன. காந்தா அக்கா இப்போது புழு இல்லாத பக்கமாகத்தான் கிள்ளுகிறார்.

காலையில் செடியில் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தது. தேசிகன் சார் குனிந்து பார்த்தார். "இது நம்ம புழுதானாம்மா?"

நம்ம புழுவாம்!

விடுவேனா? அவர் வீட்டுக் கதவிடுக்கில் சீட்டு வைத்துவிட்டேன்: 'சார், கேட் பக்கத்துக் குரோட்டன்ஸையும் எடுத்துவிட்டு வெட்சி வைக்கிறேன். மழை நிற்பதற்குள் நட வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.'