குரங்கணிச் சரிவின் பச்சை நிறத்தை நீக்கக் கோரி

அனுப்புநர்
ருக்கையா,
க/பெ. ஹபீப் ரஹ்மான் (மறைவு),
பள்ளிவாசல் தெரு, போடிநாயக்கனூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தேனி மாவட்டம்.

பொருள்: குரங்கணி மலைச்சரிவை ஏலக்காய்க்கு உகந்ததாகக் காட்டும் மண் வரைபடத்தை, மழைக்கு முன் நேரில் ஆய்ந்து திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. போடியில் மளிகைக் கடை நடத்திவந்த என் கணவருக்குக் குரங்கணிக்கு மேலே பட்டா நிலம் உண்டு. மரநிழலில் பழைய காப்பிச் செடிகள் இருந்தன. சென்ற ஆண்டு கோடையில், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மண்ணை மதிப்பிடும் அரசுத் திட்டத்தார் போடியில் கூட்டம் நடத்தினர். திரையில் காட்டிய வரைபடத்தில் எங்கள் சரிவு முழுவதும் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் ஆழமான மண், ஏலக்காய்க்கு மிக உகந்தது என்று விளக்கினர்.

2. நானும் அங்கே இருந்தேன். என் கணவர் எழுந்து, "மேல வந்து ஒரு தடவ தோண்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று கேட்டார். "அதெல்லாம் வேணாம்ணே, படத்துலயே எல்லாம் தெரிஞ்சிரும். வெரசா சோலியப் பாருங்க" என்று அலுவலர் பதிலளித்தார். என் கணவர் நம்பினார். காப்பியைப் பிடுங்கி, சரிவைப் படிப்படியாக வெட்டி ஏலக்காய் நட்டார். செடி வேர்பிடித்த பிறகு கடையில் அவர் கால் தரிக்கவில்லை. அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் கண்டதில்லை.

3. ஐப்பசி மழையில், வடிகாலைப் பார்த்துவிட்டு வருவதாக ஜீப்பில் மேலே போனார். அன்று பிற்பகல் சரிவு மொத்தமாக இறங்கியது. மறுநாள் ஓடையருகே மண்ணுக்கடியிலிருந்து அவரை எடுத்தனர். எவ்வளவு குளிப்பாட்டியும் காதுக்குள் போன மண் முழுவதும் வரவில்லை என்று என் கொழுந்தனார் பின்னர் சொன்னார்.

4. கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருந்ததால் நான்கு மாதத்துக்கு மேல் வெளியே வர இயலவில்லை. என் மகள் ஹுஸ்னா திட்ட அலுவலகத்துக்கு எழுதினாள். மரங்களின் செழிப்பை வைத்தே மண்ணின் ஆழம் கணிக்கப்பட்டது, வரைபடம் வழிகாட்டுதலுக்கு மட்டுமே, நேரில் சரிபார்ப்பது விவசாயியின் பொறுப்பு என்று பதில் வந்தது. நேரில் பார்க்கச் சொல்லித்தான் என் கணவர் கேட்டார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. இத்தா முடிந்து மேலே சென்றேன். மண் போன இடத்தில் வழுவழுவென்று பாறை தெரிகிறது. ஓரத்தில் மிஞ்சிய மண் என் முழங்கால் உயரம்கூட இல்லை. வரைபடத்தில் அந்த இடம் இன்றும் பச்சைதான்.

6. அதை நம்பிப் பக்கத்து நிலத்துக்காரர் ஜக்கையன் இப்போது காப்பியைப் பிடுங்குகிறார். சரிவுக்கு நேர்கீழேதான் அவர் வீடு; மனைவியும் கைக்குழந்தையும் அங்கேதான் இருக்கின்றனர். நிறுத்தும்படி கெஞ்சினேன். "ஒங்க வேதன புரியுதுக்கா. ஆனா கவர்மெண்டுப் படம் பொய் சொல்லுமா?" என்றார். நான் துக்கத்தில் உளறுவதாக நினைக்கிறார்.

இழப்பீடு கேட்டு இம்மனுவை எழுதவில்லை. ஜூன் மழை இறங்குமுன் ஆட்களை அனுப்பி அச்சரிவில் குழி தோண்டிப் பார்க்கவும், அதுவரை வேலையை நிறுத்தும்படி ஜக்கையனுக்கு எழுத்துமூலம் உத்தரவிடவும் மன்றாடுகிறேன். என் பேச்சைக் கேளாதவர், தங்கள் முத்திரையிட்ட தாளைக் கண்டால் மண்வெட்டியைக் கீழே வைப்பார்.

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 12.05.2025

இப்படிக்கு,
ருக்கையா