உன் கண்ணீருக்கு நான் சொன்ன அர்த்தம்

என் பிரியமுள்ள சுகந்திக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாதாமாதம் கடிதம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒரிசா மலையில் நாம் செய்த ஊழியத்தைத் தாங்கிய குடும்பங்களுக்குப் பன்னிரண்டு வருடமாக ஜெபக்கடிதம் எழுதினேன். இதுதான் கடைசிக் கடிதம். இதை உனக்கு எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

என் கடிதங்களைத் தபாலில் சேர்க்கும் முன் நீ ஒரு தடவை வாசிப்பாய். வாசித்துவிட்டு, "இம்புட்டும் நம்ம ஊர்லயாங்க நடந்துச்சு?" என்பாய். முப்பது பேர் வந்த கூட்டத்தைத் திரளான ஜனங்கள் என்று எழுதியிருப்பேன். நீ எதையும் அடிக்க மாட்டாய், திருத்த மாட்டாய். சிரித்துக்கொண்டே உறையில் போட்டு ஒட்டிவிடுவாய். இந்தக் கடிதத்தை ஒட்டும் முன் வாசிக்க ஆளில்லை. அதனால் கொஞ்சம் கவனமாக எழுதுகிறேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நான் இன்னும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. நம் ஆட்கள் இதைப் பார்த்து, "அண்ணன் கர்த்தருக்குள்ள எம்புட்டு பெலமா இருக்காரு பாருங்க" என்கிறார்கள். எனக்குப் பெலமெல்லாம் இல்லை சுகந்தி. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் போல இருக்கிறது. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எத்தனையோ தடவை வந்துபோன மலேரியாதானே என்று மாத்திரை கொடுத்துவிட்டு நான் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது. உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஜீப் பிடிப்பதற்குள் நம் மகள் ஜெமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் நீ நிறுத்திவிட்டாய். நம் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில் ஊர்க்காரர்கள் குழி வெட்டினார்கள். உன் அண்ணன் கைக்குத் தந்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இந்தக் கோடையில் நானும் ஜெமியும் விடுமுறைக்கு வந்தோம். சித்தையன்கோட்டையில் உன் அண்ணன் வீட்டில்தான் தங்கினோம். மிஷனெரியின் விடுமுறை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சபை, புதன்கிழமை ஒரு ஜெபக்குழு, வெள்ளிக்கிழமை ஓர் உபவாசக் கூட்டம். ஸ்லைடு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அந்தப் பக்கம் பாலசமுத்திரம் வரைக்கும் பஸ் ஏற வேண்டும். போகிற இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி மலையையும் ஜனங்களையும் படம் காட்ட வேண்டும். பணித்தளத்தில் கிடைக்கிற ஓய்வில் பாதிகூட லீவில் கிடைக்காது என்று நீ சொல்வாய்.

என் சொந்த ஊர் சேவுகம்பட்டியிலும் படம் காட்டினேன். ஜெமிதான் ஸ்லைடு மாற்றினாள். நீ ஒரு குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற படம் உண்டல்லவா, அது வந்தது. வழக்கமாக அந்தப் படத்துக்கு நான் என்ன சொல்வேனோ அதையே சொன்னேன். "இவங்க என் மனைவி. இவங்க சுகத்துக்காகவும் ஜெபம் பண்ணிக்கோங்க." கூட்டமும் வழக்கம்போல ஆமென் என்றது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஜெமி அடுத்த படத்துக்குப் போகாமல் பட்டனில் விரலை வைத்தபடியே இருந்தாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பல்ப் சூடாகிவிடுமே என்று தோன்றியது.

அதற்கு மறுவாரம் உன் அண்ணனோடு தென்னந்தோப்புக்குப் போனேன். மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, போன தடவ லீவு முடிஞ்சு கிளம்பும்போது அவ ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா?"

"எதப் பத்தி மச்சான்?"

"வரலன்னு."

நான் இல்லை என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூட்டத்தன்னைக்குக் காலையில இங்கன வந்து அழுதா. அண்ணே, எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல, அந்த மலைக்கு இனிமே போக முடியாது, பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கயே இருந்துக்கிறேன்னா. மாப்ளகிட்டச் சொல்லுன்னேன். வீட்டுல வச்சுச் சொன்னா, வா ஜெபம் பண்ணுவோம்னு கையப் பிடிச்சுக்கிருவாருண்ணேன்னு சொன்னா. அப்ப சபையில வச்சுச் சொல்லு, நாலு பேர் முன்னாடின்னா அவரு கேட்டுத்தான ஆகணும்னு நாந்தான் அனுப்பிவிட்டேன்."

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வழியனுப்புக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பணித்தளத்துக்குத் திரும்புகிற குடும்பத்தை, நம்மை அனுப்பிய திண்டுக்கல் சபையில் முன்னால் நிறுத்துவார்கள். ஒவ்வொருவரும் மைக்கில் ஒரு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும். பிறகு போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். நான் பேசி முடித்ததும் நீ மைக்கைப் பிடித்தாய். வாயைத் திறந்தாய், வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. மைக்கை என் பக்கம் நீட்டினாய். நான் வாங்கிச் சொன்னேன்: "என் மனைவிக்கு அந்த ஜனங்களப் பத்தின ஆத்தும பாரம் தாங்கல. அவங்கள நினைச்சாலே இப்படித்தான் அழுதுருவாங்க."

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மலைக்குத் திரும்பியதும் அதை ஜெபக்கடிதத்திலும் எழுதினேன். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நீ சிரிக்கவில்லை. உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். இதெல்லாம் அந்த வரப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"நீங்க பேசுனத நானும் பின்னாடி நின்னு கேட்டேன் மாப்ள" என்றார் உன் அண்ணன். "சரி, மனசு மாறிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அன்று மதியம் உன் மதினி கருவாட்டுக் குழம்பும், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வாழைக்காயும் வைத்திருந்தாள். நான் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது வெட்கமாக இருந்தது. அதுவும் செத்த நேரம்தான். அப்புறம் அந்த வெட்கமும் எங்கோ போய்விட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது ஜெமியை உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று, வழியனுப்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று, உன் மதினி ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிவிட்டாள். பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டுப் போ என்று சிலர் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்தேன். அவள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்று யோசிக்கவில்லை.

கூட்டம் நடந்தது. ஆராதனை முடிந்து, செயலாளர் எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதே, எப்போதும் பேசுவதுதான். என் பேச்சு எனக்கே கேட்காதவனைப்போல நின்று பேசினேன். பிறகு ஜெமியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பதினொரு வயதில் அவள் உன் உயரத்தில் முக்கால் வந்துவிட்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தோள் குலுங்கி அழுதாள்.

முன்வரிசையில் ஓர் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அவுக அம்மா பாரம் அப்படியே பிள்ளைக்கு வந்துருக்கு பாருங்க."

அதற்குள் மைக் என் கையில் இருந்தது. எப்படி வந்தது என்றே தெரியாது. "என் மகளுக்கு..." என்று தொடங்கியும்விட்டேன். மீதி வாக்கியம் தயாராக இருந்தது சுகந்தி. பாரம், மலை, ஜனங்கள் எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றன. பின்வரிசையில் உன் அண்ணன் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஜெமியின் பக்கம் குனிந்து கேட்டேன். "எதுக்கும்மா அழுகுற?"

மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னது சபை முழுவதற்கும் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்குப்பா. அங்க காய்ச்சல் வந்தா நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க. அம்மாவ அந்த மரத்தடியில தெனமும் பார்த்துட்டு என்னால ஸ்கூலுக்குப் போக முடியாது. நான் வரலப்பா. நீங்களும் போகாதீங்க."

நான் நிமிர்ந்து சபையைப் பார்த்துச் சொன்னேன்: "எம் மக வரல. நானும் போகல. போன தடவ இதே எடத்துல இவ அம்மாவும் அழுதாங்க. பாரத்துல அழுகுறாங்கன்னு ஒங்களுக்குச் சொன்னேன். அது பொய். அவங்களுக்கும் போக இஷ்டம் இல்ல. அதச் சொல்லத்தான் எந்திரிச்சாங்க. அவங்க எங்கிட்ட மைக்கக் குடுக்கல. நாந்தான் புடுங்கிக்கிட்டேன்."

மேலே, நீ மைக்கை நீட்டினாய் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். பன்னிரண்டு வருடம் நான் எப்படியெல்லாம் எழுதினேன் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். நீ நீட்டவில்லை. உன் விரல் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. என் கை அந்த இறுக்கத்தை உணர்ந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் ஐயா, "உக்காருங்க தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இரண்டே வரியில் ஜெபித்து முடித்தார். வெளியே ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைய இங்க விட்டுட்டு நீங்க மட்டும் போங்க தம்பி. எடுத்த ஊழியத்தப் பாதியில விடலாமா?" என்றார். அவர் பத்து வருடம் நமக்காக முழங்காலில் நின்று ஜெபித்தவர். பாரம் என்று சொன்ன அந்த அக்கா, பயணத்துக்கென்று கட்டிவந்த முறுக்குப் பொட்டலத்தை ஜெமியிடம் நீட்டி, "போகலைன்னா என்ன, நீ தின்னு கண்ணு" என்றார். சிலர் என் முகத்தைப் பார்க்காமலே போனார்கள். உன் அண்ணன் எங்கள் பெட்டியைத் தூக்கித் தன் டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கட்டினார்.

இப்போது ஜெமி பக்கத்து ஆத்தூரில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வகுப்பில் அவளை ஒரிசாக்காரி என்று கூப்பிடுகிறார்களாம். முதலில் அழுதாள், இப்போது அவர்களுக்குப் புரியாத மலைப் பேச்சில் திட்டிவிட்டு வருகிறாள். நான் திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் என்று எது வந்தாலும் ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிறேன். அடுத்தவர் எழுதியதில் பிழை உடனே தெரிகிறது. சபைக்குப் போகிறேன், பின்வரிசையில் உட்காருகிறேன். ஜெபம் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

மலையில் நம்மோடு ஊழியம் செய்த தம்பி எழுதியிருந்தார். ஆடு மேயாமல் இருக்க உன்னைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறார்களாம். நீ மருந்து கொடுத்த பெண்கள் வழியில் போகும்போது நின்றுவிட்டுப் போகிறார்களாம். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார். வர மனமில்லாத இடத்திலேயே உன்னை விட்டுவிட்டு நாங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம். இதை எப்படி எழுதினாலும் நன்றாக வரவில்லை.

அன்றைக்கு நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா? அதை நினைத்து எனக்குப் பயமில்லை, சொல்லியிருப்பாய். நீ சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? அல்லது வா, ஜெபம் பண்ணுவோம் என்று கையைப் பிடித்திருப்பேனா? இந்தக் கேள்விக்குத்தான் நான் இன்னும் பயப்படுகிறேன்.

அடுத்த கோடை விடுமுறையில் ஒரு தடவை வருகிறேன். ஜெமி கேட்டால் கூட்டிக்கொண்டு வருவேன், கேட்காவிட்டால் தனியாக வருவேன். மைக் இருக்காது, படப்பெட்டி இருக்காது, திரும்பி வந்து எழுத ஜெபக்கடிதமும் இருக்காது. உன் பக்கத்தில் உட்கார்ந்து, எதுக்கு அழுகுற சுகந்தி என்று கேட்பேன். கேட்டுவிட்டு, நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் ஜெமியின் அப்பா