நீ திரும்பி வந்த கண்காட்சிக்குப் போய்வந்தேன்

என் பிரியமுள்ள அண்ணா,

போன வாரம் பெங்களூர் மரவேலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பாலக்கோட்டில் பஸ் ஏறி, ஓசூரில் மாறி, தனியாகத்தான் போனேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போனோமே, அதே இடம். இந்தத் தடவை உள்ளேயே போய்விட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சொல்ல ஆரம்பித்தாலே கோபம் வருகிறது. பொறுத்துக்கொள்.

நாம் போன அன்றைக்கு வாசலில் இருந்த செக்யூரிட்டி, "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டார். "கம்பெனியெல்லாம் இல்லீங்க. ஆபீஸ் வேல. லீவு நாள்ல வூட்ல சும்மா மரவேல செய்யறேன்" என்றாய். "இது தொழில் பண்றவங்களுக்கு சார்" என்றார். உள்ளே யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை, திரும்பி நடந்துவிட்டாய். ஓசூரில் பஸ் மாறும்போது, "நமக்கு அங்க என்ன வேல செல்வி, எல்லாம் போன்லயே இருக்குது" என்றாய்.

போனில் வீடியோ பார்த்தே, நடுவில் பிளேடு சுழல்கிற மேஜை ரம்பம் வாங்கினாய். போனைப் பார்த்தே ஓட்டவும் கற்றுக்கொண்டாய். அப்பா மட்டும், "கவர்மெண்ட் சம்பளம் வாங்கறவனுக்கு ஆசாரி வேல எதுக்குடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நீ சிரித்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவாய். அங்கே உன் முகமே வேறாக இருக்கும். ஆபீஸில் இருக்கிற உன்னைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குச் செருப்பு ஸ்டேண்ட் செய்ய வேப்பம்பலகை அறுத்துக்கொண்டிருந்தாய். பலகை திரும்பிப் பறந்து வந்து உன் வயிற்றில் அடித்தது. ரத்தம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "ஒண்ணுமில்ல, மூச்சு பிடிச்சிக்கிச்சு" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி கெஞ்சினார். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றாயாம். சாயங்காலம் மயங்கி விழுந்த பிறகுதான் தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டித் தீர்ந்திருந்தது.

துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "தெரியாத தொழில்ல கை வெச்சா இப்படித்தான்" என்றார். உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

அதனால்தான் போனேன் அண்ணா. அந்த உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், வூட்டில் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வரலாம் மேடம். எப்பவுமே வரலாமே" என்றாள். "முன்னாடியுமா?" என்று கேட்டேன். "ஆமா மேடம், ஏன்?" என்றாள். பெயரை எழுதிக் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே முக்கால்வாசி தொழில்காரர்கள்தான். ஆனால் ஒரு மேஜை ரம்பத்தைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் உன்னை மாதிரி ஆட்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் கண்டக்டர், கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிற அம்மா ஒருத்தர். பல் டாக்டர் கேட்டார்: "பிளேடுக்குப் பின்னாடி இந்தத் தகடு இடைஞ்சலா இருக்குதே, கழட்டிட்டு அறுத்தா என்ன?"

மெஷின் ஓட்டிக் காட்டியவர் சுவிட்சை அணைத்தார். கன்னடமும் தமிழுமாகப் பொறுமையாகச் சொன்னார். அறுபட்ட பலகை சில நேரம் பின்னால் சேர்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளுமாம். கவ்வினால் ஓடுகிற பிளேடு பலகையை ஆள் மேலேயே எறியுமாம். இரண்டு துண்டும் சேராமல் நடுவில் நிற்பதுதான் அந்தத் தகடு. "வீடியோல கழட்டி வெச்சிருப்பாங்க சார், பிளேடு கேமராவுக்குத் தெரியணும்னு. அதப் பாத்துட்டு நீங்க கழட்டாதீங்க" என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் பக்கத்துக் கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வூட்டுக்கு வந்ததும் ஷெட்டைத் திறந்து உன் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் தேடினேன். தகடு இருந்தது. பிளாஸ்டிக் கவரைக்கூட நீ பிரிக்கவில்லை.

அந்தச் செக்யூரிட்டி மேல் கோபம் இருக்கிறது, வீடியோக்காரர்கள் மேலும் இருக்கிறது. உன் மேல்தான் அதிகம். போனிடம் கேள்வி கேட்க முடியாது என்று உனக்குத் தெரியாதா? ஒருத்தர் இல்லையென்றால் இன்னொருத்தரைக் கேட்டிருக்கக் கூடாதா? வெட்கம் உயிரைவிடப் பெரிசா அண்ணா?

மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார் அப்பா. நான் விடவில்லை. அண்ணியைக் கேட்டேன். "நீ ஓட்டு செல்வி. ஆனா அந்தச் சத்தம் கேக்கற எடத்துல நான் இருக்கமாட்டேன்" என்றார்.

தகட்டை மாட்டிவிட்டேன். இனி வருஷா வருஷம் போவேன். தெரியாததை நாலு பேர் முன்னால் கேட்பேன், அசடு என்றாலும் கேட்பேன். இது சத்தியம். உன்னை மன்னிக்கிறேன் என்று மட்டும் என்னிடம் வாக்குக் கேட்காதே.

ஆறாத கோபத்தோடு,
உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
செல்வி